தங்கத்துக்கு வெளிச்சம் அடிக்காதீர்கள், தாளுக்கு அடியுங்கள்

தலவாக்கலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணா, என் அப்பா நகை வேலை செய்கிறவர். இத்தனை வருஷமும் கடைகளுக்குச் செய்து கொடுத்தார், இப்போது நான் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு நேரடியாக ஓடர் எடுக்கப் பார்க்கிறேன். மூக்குத்தி, தோடு, மோதிரம் எதை எடுத்தாலும் ஒரு பக்கம் வெள்ளையாக எரிந்துபோகிறது, மறுபக்கம் கறுப்பாக இருக்கிறது, நடுவில் என் போனும் விரலும் தெரிகிறது. அப்பாவின் வேலை நேரில் அவ்வளவு அழகு, படத்தில் பித்தளை மாதிரி இருக்கிறது. லைட் பொக்ஸ் வாங்கலாமா, மாக்ரோ லென்ஸ் வாங்கலாமா? ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. இன்னொன்று, ஒருவர் நட்சத்திர நீலக்கல் கொடுத்து மோதிரம் செய்வித்தார். கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரம் படத்தில் வரவே இல்லை. ஏன்?"

தங்கச்சி, இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நடுவில் போனும் விரலும் தெரிகிறது என்கிறீர்களே, அதுதான் முழு விஷயமும். மெருகு போட்ட தங்கம் ஒரு கண்ணாடி. அதற்கென்று தனியாக ஒரு தோற்றம் கிடையாது, சுற்றி என்ன இருக்கிறதோ அதைத் தன் மஞ்சள் நிறத்தில் திருப்பிக் காட்டும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்து அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஜன்னல், கதவு, கூரைத் தகரம், உங்கள் முகம், எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கரண்டியைப் படம் எடுத்தால் நீங்கள் எடுப்பது உண்மையில் அந்த அறையின் படம்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்திருப்பீர்கள், படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று. துணி, மரம், தேயிலைக் கொழுந்து மாதிரிப் பொருட்கள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதற விடும், அதனால் விளக்கு எங்கே இருந்தாலும் ஒரு மாதிரி படம் வந்துவிடும். தங்கம் அப்படிச் சிதற விடாது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு திசையைத்தான் உங்கள் லென்ஸுக்குக் காட்டும். அந்தத் திசையில் பல்ப் இருந்தால் வெள்ளையாக எரியும், இருட்டு மூலை இருந்தால் கறுப்பாக வரும். மோதிரமும் மூக்குத்தி மணியும் வளைந்தவை என்பதால் பிரச்சினை இன்னும் பெரிது. மலைப்பாதை வளைவில் வாகனங்களுக்காகக் குவிவாடி ஒன்று நிற்கும் பார்த்திருப்பீர்கள், பாதையின் இரண்டு பக்கமும், மேட்டுப் பக்கமும், வானமும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். மூக்குத்தி மணி அந்த ஆடியேதான், அளவு மட்டும் சின்னது. உங்கள் அறையில் இருக்கிற எல்லாமே அதற்குள் போகிறது.

சரி, இதற்கு என்ன செய்வது? தங்கம் பார்க்கிற இடமெல்லாம் அழகான, பெரிய, வெள்ளையான எதையாவது வைக்க வேண்டும். விளக்கை நகைக்கு அடிக்காமல் அந்த வெள்ளைக்கு அடிக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அட்டியலைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னார்கள். கெமராவில் இருந்த பிளாஷை நேராக அடித்து எடுத்தேன். அல்பம் பிரிண்ட் ஆகி வந்த பிறகு பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, இது தங்கம் தானே, ஏன் வெள்ளி மாதிரி இருக்கு?" என்று கேட்டார். சீட்டுப் போட்டு, பல வருஷம் சேர்த்து வாங்கிய நகை அது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. திரும்ப எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை, பெண் அதற்குள் புருஷன் ஊருக்குப் போய்விட்டாள். பளபளப்பான பொருளுக்கு முன்னால் நான் விளக்கை நேராகப் பிடிப்பதை அன்றைக்கே விட்டேன்.

பெரிய வெளிச்சம் என்று சொன்னால் பலரும் வோட்ஸ் கூடிய பல்ப் என்று நினைக்கிறார்கள். அது இல்லை. நகையின் இடத்தில் நின்று பார்த்தால் விளக்கு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் கணக்கு. சூரியன் எவ்வளவு பெரியது, ஆனால் நம் வானத்தில் அது அரைப் பாகை அகலம் மட்டுமே, ஒரு பொட்டு. அதனால்தான் உச்சி வெயிலில் எடுத்த நகை கண்ணைக் குத்துகிறது. ஐந்து மில்லிமீற்றர் மூக்குத்திக்குப் பத்து சென்ரிமீற்றர் தள்ளி ஒரு ஏ4 தாளை நிறுத்தி அதன் பின்னால் விளக்கை வைத்தால், அந்தத் தாள்தான் அதற்கு வானம். சாதாரண 9 வோட்ஸ் பல்ப் ஒன்றே போதும்.

நம் மலைநாட்டில் இதற்கு இயற்கையே ஒரு உதவி செய்கிறது. மூட்டம் இறங்கிய காலை நேரத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் தோட்டை வைத்து வாசலில் எடுத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து வானம் முழுக்க ஒரே விளக்காகிவிடும், எந்த ஸ்டூடியோவிலும் அதைவிடப் பெரிய விளக்கு கிடையாது. ஹப்புத்தளைப் பக்கம் நான் எடுத்த நல்ல படங்களில் பல அப்படி எடுத்தவை. ஆனால் ஓடர் கேட்கிறவர் மூட்டம் வரும்வரை காத்திருக்க மாட்டார், பத்து மணிக்குக் கலைந்தும் போய்விடும், ஈரம் வேறு நகையில் படிந்து மெருகை மங்கலாகக் காட்டும். அதனால் மூட்டத்தை வீட்டுக்குள் நாமே செய்துகொள்வோம்.

ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று எடுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக், வெளிச்சம் ஊடுருவுகிற வகை, பக்கங்களில் படம் அச்சடிக்காதது. முழுக்க அச்சடித்ததென்றால் வேண்டாம், அந்த நிறம் நகையில் இறங்கும். நன்றாகக் கழுவி, மூடியைக் கழற்றி, பெட்டியை நகையின் மேல் கவிழ்க்க வேண்டும். இப்போது மேலே வந்திருக்கும் அடிப்பக்கத்தில் லென்ஸ் பார்க்கிற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டுங்கள். போனின் லென்ஸுக்குப் பத்து ரூபாய்க் குற்றியளவு போதும். பெரிதாக வெட்டிவிடாதீர்கள், அந்த ஓட்டையும் மோதிரத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும், சின்னதாக இருந்தால் கண் அதைக் கவனிக்காது. பக்கவாட்டில் எடுக்க வேண்டிய தோடு, ஜிமிக்கிக்கு இன்னொரு பெட்டியில் பக்கத்தில் ஓட்டை வெட்டிக்கொள்ளலாம். பெட்டியின் வெளியே ஒரு பக்கம் மேசை விளக்கு. அவ்வளவுதான் உங்கள் லைட் பொக்ஸ். கடையில் மலிவாகக் கிடைக்கும் மடிக்கிற பெட்டிகளை ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? அவற்றில் பலதில் எல்.ஈ.டி. பட்டி மறைப்பில்லாமல் ஒட்டியிருக்கும், புள்ளி புள்ளியாக அந்த வரிசை முழுவதும் உங்கள் காப்பில் தெரியும்.

சங்கிலி, காப்பு மாதிரி நீளமான சாமான் இந்தப் பெட்டிக்குள் அடங்காது. அதற்கு டிரேசிங் பேப்பர் பெரிய தாளாக வாங்கி, இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு வைத்து, லொறிக் கூடாரம் மாதிரி வளைத்து நிறுத்துங்கள். தாளில் ஒரு மடிப்புக்கூட இருக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன்: தாளில் ஒரு மடிப்பு விழுந்தால் காப்பின் நீளத்துக்கும் அது மயிரிழை மாதிரி ஒரு கோடாக ஓடும், பார்க்கிறவர் நகையில் கீறல் என்றுதான் நினைப்பார். பழைய இழை பல்ப், ஹலஜன் பல்ப் எதையும் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், சூட்டில் தாள் பற்றிக்கொள்ளும். எல்.ஈ.டி. மட்டும் பாவியுங்கள், அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இரண்டு விளக்கு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒன்று போதும் என்பது என் கட்சி. ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் ரெஜிபோம் துண்டு ஒன்றை நிறுத்துங்கள், மீந்த வெளிச்சத்தை அது திருப்பிக் கொடுக்கும். வெளிச்சம் ஒரு பக்கத்தில் கூடி மறுபக்கத்தில் மெதுவாகக் குறைந்தால்தான் உருண்டை உருண்டையாகத் தெரியும். தங்கத்தைத் தங்கமாகக் காட்டுவது அந்த இறக்கம்தான். அதனால் விளக்கைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் நடுவில் பிரகாசமும் ஓரத்தில் மங்கலும் கிடைக்கும், தள்ளி வைத்தால் தாள் முழுக்க ஒரே சமமாக இருக்கும். கிட்ட, தூர என்று நகர்த்திக்கொண்டே போன் திரையைப் பாருங்கள், உங்களுக்கே பிடிபடும்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம், பெரும்பாலானவர்கள் இந்த இடத்துக்கு வராமலே நின்றுவிடுகிறார்கள். பெட்டியைக் கவிழ்த்து முதல் படம் எடுத்ததும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வெள்ளையாக எரிந்தது போயிருக்கும், போன் நிழல் போயிருக்கும், ஆனால் மூக்குத்தி வெளிறிப்போய் பிளாஸ்டிக் மணி மாதிரிக் கிடக்கும். ஏனென்றால் இப்போது அது பார்ப்பதெல்லாம் வெள்ளை. விளிம்பு எது, உட்பக்கம் எது என்று பிரிக்க ஒன்றும் இல்லை. வெள்ளைப் பின்னணியோடு ஓரம் கரைந்துவிடும். இப்போது கறுப்பு பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு இரண்டு கீற்று வெட்டி, நகைக்கு இடமும் வலமும், படத்தின் எல்லைக்குச் சற்று வெளியே செங்குத்தாக நிறுத்துங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு கீற்றை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மணியின் ஓரத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு எழும்பும், மை வைத்து எழுதியது மாதிரி. அதோடு மணி தட்டிலிருந்து தூக்கி நிற்கும். இன்னும் ஐந்து மில்லிமீற்றர் தள்ளினால் கோடு தடித்து அசிங்கமாகும், திரும்ப இழுங்கள். அப்பா அரம் பிடிக்கிற மாதிரிதான், ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தெரியும். நகைப் படத்துக்கு நான் செலவழிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் இந்தக் கறுப்புக் கீற்றுகளை நகர்த்துவதில்தான் போகிறது.

போனின் உறை சிவப்போ நீலமோ என்றால் கழற்றிவிடுங்கள், தங்கம் அந்த நிறத்தையும் எடுத்துக்கொள்ளும். உங்கள் சட்டையும் அப்படித்தான். வெள்ளை அல்லது சாம்பல் நிறம் உடுத்தி எடுங்கள்.

பித்தளை மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்கள், அது பெரும்பாலும் நிறக் கோளாறு. ஜன்னல் வெளிச்சமும் பல்ப் வெளிச்சமும் ஒன்றாக விழுந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் செம்மஞ்சளாகவும் வரும். ஜன்னலை மூடுங்கள், அல்லது பல்பை அணையுங்கள், இரண்டும் சேர வேண்டாம். பல்ப் பெட்டியில் 3000 கே, 6500 கே என்று போட்டிருக்கும். 3000 மஞ்சள் வெளிச்சம், 6500 பகல் வெளிச்சம். 6500 வாங்குங்கள். சி.ஆர்.ஐ. என்றோ ஆர்.ஏ. என்றோ ஒரு எண்ணும் இருக்கும், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள், 90 கிடைத்தால் இன்னும் நல்லது. அது குறைந்தால் முதலில் அடிவாங்குவது சிவப்புக் கல்தான், காய்ந்த இரத்தம் மாதிரி மங்கிப்போகும். அப்புறம், படம் முழுக்கத் தங்கம் நிறைந்திருந்தால் வெளிச்சமே மஞ்சள் என்று போன் நினைத்து, மஞ்சளைக் குறைத்துவிடும். 22 கரட் நகை வெளிறிப்போவது இப்படித்தான். முதலில் வெறும் வெள்ளைத் தாளை வைத்து அதற்கு நிறத்தைச் சரிசெய்து, போன் கெமராவில் அளவுகளை நாமே வைக்கிற புரோ மோடில் அந்த அளவைப் பூட்டிவிட்டுப் பிறகு நகையை வையுங்கள். நகை வாங்குகிறவர் நிறத்தை நம்பித்தான் பணம் அனுப்புகிறார், அந்த நம்பிக்கை ஒரு தடவை கெட்டால் திரும்பி வராது.

படத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டை ஓடினால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான பல்ப் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பட்டை போய்விடும். அந்த வேகத்தில் கை ஆடும், அதனால் போனை இரண்டு டின்களுக்கு மேல் ஒரு பலகை போட்டு அதில் வைத்து, இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள்.

மாக்ரோ லென்ஸ் விஷயம். போனில் மாட்டும் லென்ஸ்கள் நகைக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கிட்டப் போகச் சொல்லும். அவ்வளவு கிட்டப் போனால் போனே வெளிச்சத்தை அடைத்துவிடும், மோதிரத்தில் போனின் உருவம் பெரிதாக நிற்கும். அப்பாவின் பட்டறையில் பத்து மடங்கு பூதக்கண்ணாடி இருந்தால் அதை லென்ஸில் ஒட்டிப் பார்க்கவும் தோன்றும், அதுவும் இரண்டரை சென்ரிமீற்றரில்தான் தெளிவாகும். மறுபக்கம், கிட்டப் போகப் போகத் தெளிவாக இருக்கும் ஆழமும் குறையும். நல்ல கெமராவில் நிஜ அளவுக்கே எடுத்தால் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால்கூட ஒரு மில்லிமீற்றர் தெளிவு கிடைக்காது. கல் தெளிவாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் உலோக நகம் மங்கிவிடும். அதனால் பதினைந்து, இருபது சென்ரிமீற்றர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு சூமில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு அது தாராளமாகப் போதும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் வடிகட்டியை வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் பளபளப்பைத்தான் அது தனியாகக் குறைக்கும், உலோகத்தின் பளபளப்பை அசைக்காது.

எடுப்பதற்கு முன் நகையைக் கழுவி, மெருகுப் பசை நகத்தடியில் இல்லாமல் மெல்லிய தூரிகையால் எடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு விரல் படாமல் சாமணத்தால் வையுங்கள். நேரில் தெரியாத விரல் ரேகை படத்தில் பூதம் மாதிரித் தெரியும். முத்து வைத்த நகையை மட்டும் ஊறப் போடாதீர்கள். மோதிரம் நிற்க மாட்டேன் என்றால் அடியில் கடுகளவு தேன்மெழுகு.

இனிக் கல். இங்கே நான் இதுவரை சொன்னதையெல்லாம் கொஞ்சம் புரட்டிப் போட வேண்டும். பட்டை தீட்டிய கல்லுக்குள் வெளிச்சம் மேலே நுழைந்து, அடிப்பட்டைகளில் முழு உட்தெறிப்பாகி, திரும்ப மேலே வருகிறது. வெளிச்சத்தை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் முறிவுச் சுட்டி நீலக்கல்லுக்கு ஏறக்குறைய 1.76, அதனால் நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் சுற்றிலும் வெள்ளை என்றால் எல்லாப் பட்டையும் வெள்ளையைத்தான் அனுப்பும், கல் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். மினுமினுப்பு என்பது ஒரு பட்டை எரிந்து பக்கத்துப் பட்டை இருண்டு கிடப்பது. அதற்குச் சின்ன, கூர்மையான விளக்கு வேண்டும். ஆகவே பெட்டி அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் பென்சில் நுழைகிற அளவு இன்னொரு ஓட்டை போட்டு, சின்ன டோர்ச் ஒன்றை அதற்குள்ளால் கல்லுக்கு மட்டும் காட்டுங்கள். தங்கத்துக்குப் பெட்டி, கல்லுக்கு டோர்ச். டோர்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் ஒரு கோணத்தில் கல் சட்டென்று உயிர்க்கும்.

உங்கள் நட்சத்திரம் வராததற்கும் இதுவே காரணம். அந்தக் கல்லுக்குள் ரூட்டைல் என்ற கனிமம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகளாக மூன்று திசையில் படுத்திருக்கிறது. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் அவற்றில் பட்டால் ஒவ்வொரு திசை ஊசியும் தனக்குக் குறுக்கே ஒரு கோட்டை எழுப்பும், மூன்று கோடு சேர்ந்து ஆறு கதிர். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தால் ஆயிரம் நட்சத்திரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் அழிந்துவிடும். மூட்டமான நாளில் அந்த மோதிரத்தை வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள், கண்ணுக்கும் நட்சத்திரம் தெரியாது. வெயிலில் தெரியும்.

ஆகவே அந்த மோதிரத்துக்குப் பெட்டியை எடுத்துவிடுங்கள். அறையை இருட்டாக்குங்கள், அடியில் கறுப்புத் துணி, போன் கல்லுக்கு நேர் மேலே. இன்னொரு போனின் டோர்ச்சை லென்ஸுக்குப் பக்கத்தில், கல்லிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். திரையில் நட்சத்திரத்தின் நடுவையே தொட்டு போகஸ் செய்து, வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள், கல் ஏறக்குறைய இருண்டு கதிர் மட்டும் நிற்கும்வரை. டோர்ச் நகர நட்சத்திரமும் கல்லின் மேல் ஊரும். தங்கம் இந்தப் படத்தில் நன்றாக வராது, அதற்குப் பெட்டிக்குள் வேறொரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், ஒன்றில் ஒட்டி வெட்டி ஒரே படமாக்க வேண்டாம், வாங்குகிறவர் உள்ளதை உள்ளபடி பார்க்கட்டும். கல் நடுவுக்கு நட்சத்திரம் வரும் இடத்தில் அப்பாவை டோர்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள், பட்டறை வேலையில் பழகிய கை, ஆடாது.